அம்மா வீட்டு எம்சிபியைப் பிரித்துப் பார்த்தேன்

போன மாதம் அம்மா வீட்டில் சமையலறை எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) தினமும் காலையில் ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், அப்புறம் யாரோ அதே லைனில் இழுத்துவிட்ட கீஸர், மூன்றும் சேர்ந்து ஓடினால் கால் மணி நேரத்தில் டப்பென்று விழும். உடனே தூக்கிவிட்டால் நிற்காது, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் நிற்கும். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "16 ஆம்ப்ஸ் போட்டிருக்கும்மா, 32 மாத்திட்டா தொந்தரவே வராது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போனில் இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினேன்.

கணக்கு ரொம்பச் சின்னது. அடுப்பு 2000 வாட்ஸ், கீஸர் 2000, கெட்டில் 1500. மொத்தம் 5500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர், அதாவது 16இல் ஒன்றரை மடங்கு. வீட்டு எம்சிபிக்கான விதியே 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பதுதான். ஆக அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. உள்ளே ஓடுவது பழைய 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். ஒன்றரை மடங்கு கரண்ட் போனால் வயரில் சூடு இரண்டேகால் மடங்கு ஆகும். 32 போட்டிருந்தால் அந்த 24 ஆம்பியருக்கு அது அசையவே அசையாது, சுவருக்குள் வயர் வெந்துகொண்டிருக்கும். எம்சிபி இருப்பது மிக்ஸியையோ டிவியையோ காப்பாற்ற இல்லை, முதலில் அந்த வயரைக் காப்பாற்றத்தான்.

புது எம்சிபி போட்ட கையோடு பழையதை எடுத்து ரிவெட்டுகளை ட்ரில்லால் அறுத்து மூடியைத் திறந்தேன். ஒரு ஆலையில் மின் பராமரிப்பில்தான் இருக்கிறேன், ஆனாலும் இந்தச் சின்னப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிரமிப்பு வருகிறது. ஒரு பக்கம் வளைந்த பட்டை ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடானால் இரண்டும் ஒரே அளவு நீளாததால் பட்டை மெல்ல வளைந்து கொக்கியைத் தள்ளிவிடும். அது ஆறினால்தான் திரும்ப நேராகும், அம்மா உடனே தூக்கியபோது நிற்காததன் காரணம் இதுதான். பக்கத்தில் தடித்த செம்புக் கம்பிச் சுருள், நடுவில் ஒரு இரும்பு ஊசி. ஷார்ட் ஆனால் பட்டை வளையும்வரை காத்திருக்க நேரம் கிடையாது, கரண்ட் ஐந்து முதல் பத்து மடங்குக்கு மேல் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஊசியை அடித்துத் தள்ளும் (சி டைப் என்று முகப்பில் போட்டிருப்பது இந்த அளவைத்தான்). நெம்புகோலைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே கான்டாக்ட் (கரண்ட் போக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் உலோக முனைகள்) பிரிந்துவிடும், டேப் ஒட்டி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. இப்படி வெப்பத்துக்கு ஒன்று, காந்தத்துக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது 1924இல், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், ஹூகோ ஷ்டோட்ஸின் நிறுவனம்.

ஆனால் பிரிப்பது சுலபம், அணைப்பதுதான் கஷ்டம். கான்டாக்ட்டுகள் விலகிய நொடியில் இடைவெளியில் ஆர்க், அதாவது தொடர்ந்து எரியும் மின்பொறி, பற்றிக்கொள்ளும், பல ஆயிரம் டிகிரி சூடு, செம்பே உருகி ஆவியாகும். சுவிட்ச் திறந்திருக்கும், கரண்ட் மட்டும் நெருப்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கும்! அதற்குத்தான் அந்த மூலையில் சீப்பு மாதிரி அடுக்கிய இரும்புத் தகடுகள். எண்ணினேன், 13 இருந்தன. ஆர்க் தன் காந்தத்தாலேயே அதற்குள் இழுக்கப்பட்டுத் துண்டு துண்டாகிறது, ஒவ்வொரு துண்டும் உயிரோடிருக்க 20 வோல்ட்டாவது கேட்கும், எல்லாம் சேர்ந்து வீட்டு வோல்டேஜுக்குச் சமமாக எதிர்த்து நிற்கும்போது கரண்ட் சுருங்கிச் செத்துவிடுகிறது. நூறில் ஒரு பங்கு வினாடிதான். தகடுகளின் ஓரத்தில் கறுப்பு, சின்னச் சின்ன செம்பு மணிகள். அந்த வீட்டில் என்றோ ஒரு நாள் ஷார்ட் ஆகியிருக்கிறது, யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் ஆலையில் 11 கேவி (11,000 வோல்ட்) பேனலில் இதே வேலையைச் செய்வது வேக்குவம் பிரேக்கர், வெற்றிடத்துக்குள் கரண்டைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச். அங்கே பட்டையெல்லாம் கிடையாது, கரண்டைக் கவனித்துக்கொண்டிருக்கும் ரிலே என்ற கருவி பார்த்துச் சொல்லும், ஸ்பிரிங்கை விடுவிக்கும் ட்ரிப் காயிலுக்குப் பேட்டரியிலிருந்து டிசி வரும், மோட்டார் முறுக்கி வைத்த ஸ்பிரிங் டமாரென்று அவிழும். கான்டாக்ட்டுகள் விலகுவது ஒரு சென்டிமீட்டர் அளவுதான். காற்றே இல்லாத குடுவைக்குள் ஆர்க் பிடித்துக்கொள்ள கான்டாக்ட்டிலிருந்து வரும் உலோக ஆவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. வினாடிக்கு நூறு முறை ஏசி கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடுகிறதே, அந்தக் கணத்தில் ஆவி படிந்துவிடும், அவ்வளவுதான், மறுபடி பற்றாது.

சரி, அம்மா வீட்டுக்கு வருகிறேன். கீஸருக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து 20 ஆம்ப்ஸ் போட்டேன், சமையலறைக்கும் பழைய வயரை உருவிவிட்டுப் புதிது. உருவிய வயரில் ஜாயின்ட் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு இன்சுலேஷன் பழுப்பாகி, வளைத்தால் பொரிப்பொரியாக உதிர்ந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் வீட்டுக்கே போனேன். சண்டை போடவில்லை, "வளைச்சுப் பாருங்கண்ணே" என்று கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வீட்ல இப்படி மாத்திக் குடுத்திருக்கேன் தம்பி, இன்னைக்கே போய்ப் பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார்.