'பார்க்கலாம்' என்ற சொல்லை விட்ட அனுபவம்

இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகத் தேர்வாகிப் பயிற்சிக்குச் சென்றபோது எங்களுக்கு அணிவகுப்பும் லத்தியும் துப்பாக்கியும் கற்பிக்கப்பட்டன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளைப் படித்தோம். சட்ட வகுப்பில் சுனில் பத்ரா வழக்கு வந்தது. திகார் சிறையில் கைதியாக இருந்த பத்ரா, சக கைதி ஒருவரைக் காவலர் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்ப, அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு 1979 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சிறைக்குள் கை எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அன்றே மனத்தில் பதிந்தது. வாயைப் பற்றிய பாடமோ "கண்டிப்பாக இரு, சிரிக்காதே" என்பதோடு முடிந்துவிட்டது.

முதல் பணியிடத்தில் விசாரணைக் கைதிகள் இருந்த தொகுதியை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு காலையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, சிறையிலிருந்து பேசத் தாம் பதிவு செய்திருந்த அம்மாவின் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை என்றும், அக்காவின் எண்ணைச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். எண்ணைச் சரிபார்த்துச் சேர்ப்பது அலுவலகத்தின் வேலை; என் கையில் எதுவும் இல்லை. அதைச் சொல்லச் சோம்பல்பட்டு, "பார்க்கலாம்" என்றேன். கடன் கேட்டு வந்தவரை நோகாமல் வாசலோடு திருப்பியனுப்ப நம் வீடுகளில் உதவும் சொல் அது. வெளியே அதன் பொருள் 'இல்லை' என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பவரோ அதை வாக்காக எடுத்துக்கொண்டு நாட்களை எண்ணத் தொடங்குகிறார்.

மூன்றாம் நாள் மாலை, அறைகளைப் பூட்டும் லாக்கப் நேரத்தில் அவர் அறைக்குள் போக மறுத்தார். தட்டைச் சுவரில் எறிந்தார். நான் குரலை உயர்த்த, அவரும் உயர்த்த, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கூட்டம் பார்க்கும்போது எந்த மனிதரும் பின்வாங்க மாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நானும் பின்வாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமைக் காவலர் வந்தார். முதலில் மற்றவர்களை உள்ளே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். பிறகு அந்தக் கைதிக்கு நேரெதிரே நிற்காமல், இரண்டு முழம் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை. கைதி பேசி முடித்ததும், "நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வந்து சொல்றேன். முடியாதுன்னாலும் வந்து சொல்றேன்" என்று கூறி, அவர் பார்க்கும்படியே சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் போனார். விண்ணப்பம் சரிபார்ப்பில் இருக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார். நல்ல செய்தியே இல்லை. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அவரால் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை.

அன்றே நானும் ஒரு நோட்டு வாங்கினேன். இரக்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது இதைவிட ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பீடிக் கட்டுக்கு இணங்கிய காவலரிடம் அடுத்த கோரிக்கை மிரட்டலாகவே வரும்.

சில ஆண்டுகள் கழித்துப் புத்தாக்கப் பயிற்சிக்குச் சென்றேன். பயிற்றுநர் 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளிலிருந்து தொடங்கினார். பேச்சுவார்த்தையாலும் சமரசத்தாலும் மோதலைத் தணிக்கும் முறைகளைச் சிறைப் பணியாளர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என 76ஆம் விதி கூறுகிறது. பின்னர் ஒரு நடிப்புப் பயிற்சியில் என்னைக் கைதியாகத் தரையில் உட்கார வைத்தார். நின்றுகொண்டிருந்த நண்பர் சாதாரணமாகத்தான் பேசினார். கீழிருந்து கேட்ட எனக்கு அது அதட்டலாகவே விழுந்தது. அதிலிருந்து, உட்கார்ந்திருப்பவரிடம் பேசும்போது நான் குனிவேன், அல்லது அவரை எழுந்து நிற்கச் சொல்வேன்.

கடினமான பேச்சு சாவுச் செய்தி சொல்வதுதான். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை" என்று இழுப்பது நம் வழக்கம். ஒருமுறை விசாரணைக் கைதி ஒருவரைத் தனியே அழைத்து உட்காரவைத்து, "உங்கள் அப்பா இன்று காலை இறந்துவிட்டார்" என்று நேராகவே சொன்னேன். வெகுநேரம் கழித்து, "எப்ப சார் விடுவாங்க?" என்றார். 'பார்க்கலாம்' நாக்கு நுனிவரை வந்தது. தண்டனைக் கைதியாக இருந்தால் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசர விடுப்பு கேட்கலாம். விசாரணைக் கைதிக்கோ நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதைச் சொல்லி, வழக்கறிஞருக்குத் தகவல் போய்விட்டது, மூன்று மணிக்கு வந்து நிலவரம் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்கு உத்தரவு வரவில்லை. போய் அதைச் சொன்னேன். "தம்பி கொள்ளி வைப்பானா சார்?" என்று கேட்டார். வீட்டாரிடம் கேட்டு, லாக்கப்புக்கு முன் வந்து சொல்கிறேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.