மினி டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஆயில்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

கடையில் போய் "டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஆயில் குடுங்க" என்று கேட்டால், 68 நம்பர் கேன் ஒன்றை எடுத்து வைப்பார்கள். கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள், அதில் தப்பில்லை. பொக்லைனுக்கும் பிரஸ் மெஷினுக்கும் அது நல்ல ஆயில். ஆனால் 20, 30 குதிரைத்திறன் உள்ள மினி டிராக்டரின் பின்பக்கத் தொட்டிக்கு அது ஒத்துவராது.

பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், பின்னால் கருவியைத் தூக்கும் லிப்ட், ஆயிலில் மூழ்கிய பிரேக் எல்லாம் ஒரே தொட்டி ஆயிலில்தான் ஓடுகின்றன. கியர் பல்லில் வழியும் ஆயிலையே லிப்ட் பம்ப் உறிஞ்சி மேலே தள்ளுகிறது. திரும்பி வரும் அதே ஆயிலில்தான் பிரேக் தட்டும் மூழ்கிக் கிடக்கிறது. கியருக்கு, அழுத்தம் தாங்கிப் பல்லோடு ஒட்டி நிற்கும் ஆயில் வேண்டும். பம்புக்கு, நுரை கட்டாமல் லேசாக ஓடும் ஆயில் வேண்டும். பிரேக்குக்கு, அளவாக வழுக்கும் ஆயில் வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்துச் செய்ததுதான் யூடிடிஓ வகை ஆயில். கடைகளில் 'யூட்டோ' என்றோ 'வெட் பிரேக் ஆயில்' என்றோ கேட்டால் தெரியும்.

இந்த மூன்றில் தப்பான ஆயிலை முதலில் காட்டிக்கொடுப்பது பிரேக். தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றன. வழுக்கல் கூடிப்போனால் பிரேக் பிடிக்காது. போதாமல் போனால் தட்டு ஒரு கணம் பிடிக்கும், ஒரு கணம் விடும். பெடலை மிதித்ததும் 'குர்ர்ர்' என்று பின்னாலிருந்து உறுமல் வரும், சீட் வரைக்கும் அதிரும். 68 ஆயிலில் இந்த வழுக்கலைச் சரிக்கட்டும் மருந்து கிடையாது. உறுமலைப் பொறுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினால் தட்டின் மேல்பூச்சு உரிந்து, அந்தத் தூள் ஃபில்டரில் போய் அடைக்கும். அப்புறம் லிப்டும் மெதுவாகும். லிப்டில் கோளாறு என்று பம்பைக் கழற்றுவார்கள், மூலக்காரணம் பிரேக்கில் இருக்கும்.

"கியர் பாக்ஸ்தானே, 90 ஆயில் ஊத்திடலாம்" என்பது இன்னொரு வழக்கம். எண்களைப் பார்த்தால் இது ஏன் ஆகாது என்று விளங்கும். ஆயிலின் கனத்தை, அதாவது ஓடும்போது எவ்வளவு கெட்டி என்பதை, சென்டிஸ்டோக்கில் அளப்பார்கள். யூட்டோ ஆயில் 40 டிகிரியில் சுமார் 55 முதல் 60, 100 டிகிரியில் 9-க்கு மேல். 90 கியர் ஆயில் 40 டிகிரியில் 180-ஐ ஒட்டி நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் இதை இழுக்கத் திணறும். உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகி, 'ஙீ' என்று பம்ப் அழும். அந்தச் சத்தத்தோடு ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் பம்பின் உட்பக்கம் அரிக்கப்படுகிறது. அந்த 90 ஆயில் ஜிஎல்-5 வகையாக இருந்துவிட்டால் இன்னும் கேடு. அதில் சேர்க்கும் கந்தக மருந்து பித்தளை, வெண்கலப் பாகங்களைத் தின்னக்கூடியது.

68 ஆயிலின் கணக்கு வேறு மாதிரி. 40 டிகிரியில் அது யூட்டோவைவிடக் கனம். ஆனால் 100 டிகிரியில் 9-க்குக் கீழே இறங்கி, யூட்டோவைவிட இளகிவிடும். சித்திரை வெயிலில் ரொட்டாவேட்டர் போட்டு மணிக்கணக்கில் ஓட்டும்போது, ஆயில் மெலியக் கூடாத நேரத்தில் மெலிகிறது. 46 நம்பர் ஆயில் 100 டிகிரியில் 7-கூட இருக்காது. என்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ40-ஐ ஊற்றுபவர்களும் உண்டு. அதில் கரியைக் கரைத்து வைக்கும் மருந்து தண்ணீரையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சேற்றில் இறங்குகிற வண்டிக்கு அது ஆகாது.

உங்கள் வண்டி பழையது, பிரேக் உலர் டிஸ்க், லிப்டுக்குத் தனித் தொட்டி என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அதற்கு வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் சட்டம். பெடலை மிதித்து ஓட்டும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி ஆயிலையே போடுங்கள். அந்தப் பம்பின் உள்ளே இடைவெளி மைக்ரான் கணக்கில் இருக்கும். ஆயிலில் மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு அங்கே போய்விடும்.

இனி கேன். முன்பக்கம் 'யூனிவர்சல்', 'எல்லா டிராக்டருக்கும்' என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். புத்தகத்தில் உள்ள அதே குறியீடு அங்கே இருக்க வேண்டும். ஜான் டியர் என்றால் ஜே20சி, அவர்களுடைய ஹை-கார்ட் ஆயிலின் தரம் அது. ஜே20டி என்பது குளிர் நாட்டுக்கான இளகிய வகை, நம்ம ஊருக்குத் தேவையில்லை. குபோட்டா புத்தகங்கள் சூப்பர் யூடிடி-யைச் சொல்லும். மாஸி ஃபெர்குசன் வகைக்கு எம்1145 என்ற குறியீடு, நியூ ஹாலந்து வகைக்கு மேட் 3525. ஒரு குறியீடுகூட இல்லாமல் வெறும் 'டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில்' என்று மட்டும் அச்சடித்த கேனைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் '303' என்ற பெயரில் மலிவு வாளி ஆயில் ரொம்ப நாள் விற்றது. அந்த 303, திமிங்கல எண்ணெய் சேர்த்துச் செய்த காலத்து ஜான் டியர் தரம். 1970-களிலேயே வழக்கொழிந்துபோனது. செத்துப்போன தரத்தின் பெயரில் எதை வேண்டுமானாலும் அடைத்து விற்கலாம் என்று ஆனதால், அங்கே வழக்குகள் வரைக்கும் போனது.

நல்ல ஆயிலையும் கெடுப்பது தண்ணீர். நடவுக்குச் சேடை ஓட்டும்போது அச்சு சீல் வழியாகவும், வாட்டர் சர்வீஸில் பிரீதர் (தொட்டிக்குக் காற்று போய்வரும் துளை) மேல் நேராகப் பீய்ச்சும்போதும் உள்ளே இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் தெரிந்தால் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அரை மணி நேரத்தில் அடியிலிருந்து தெளிந்தால் அது நுரை. எங்கேயோ காற்று இழுக்கிறது, இல்லை ஆயில் அளவு தப்பு. மறுநாள் காலையிலும் மோராகவே இருந்தால் தண்ணீர். சந்தேகம் தீரவில்லையா? தகர மூடியைச் சூடாக்கி, தள்ளி நின்று ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொரிந்து வெடித்தால் தண்ணீர்தான். ஒருமுறை ஆயில் மாற்றினால் அது முழுதாகப் போகாது, மூலை முடுக்கில் தங்கியது புது ஆயிலில் கலக்கும். சில மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் மாற்ற வேண்டும். டீசல் ஊற்றிக் கழுவாதீர்கள். வடியாமல் நின்ற டீசல் புது ஆயிலை மெலியவைத்துவிடும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த சேடையில் மறுபடியும் மோர்தான்.

மாற்றும்போது வண்டியை அரை மணி ஓட்டி, ஆயில் சூடேறியதும் வடியுங்கள். அடியில் ஒரு நட்டுதான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்க அச்சுப் பெட்டிகளிலும் தனி நட்டு இருக்கலாம். நட்டில் காந்தம் இருந்தால் துடைப்பதற்கு முன் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் கியரைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உறிஞ்சும் குழாயின் கம்பி ஜல்லடையை டீசலில் கழுவிக் காயவைத்து மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதுசுதான். ஓ ரிங்கையும் புதுசாகப் போடுங்கள். பழைய ஓ ரிங் வழியாகக் காற்று உள்ளே போகும், ஆயில் வெளியே வராது. அதனால் லீக் கண்ணுக்கே தெரியாது.

புத்தகத்தில் போட்டிருக்கும் லிட்டரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். வடிந்த பிறகும் ஒன்றிரண்டு லிட்டர் உள்ளே நிற்கும். இரண்டு லிட்டர் குறைத்து ஊற்றி, ஆக்சிலரேட்டர் கொடுக்காத குறைந்த வேகத்தில் ஸ்டார்ட் செய்து, லிப்டைப் பத்து முறை ஏற்றி இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். பம்ப் சத்தம் அடங்கும் வரை ஆக்சிலரேட்டர் தொட வேண்டாம். பிறகு சமதரையில் நிறுத்தி, லிப்டை இறக்கி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். கூடிப்போனால் கியர் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், பிரீதர் வழியாகக் கக்கும். புது வண்டிக்கு முதல் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரத்திலேயே வரும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. வாடகை டிப்பர் டிரெய்லரை மாட்டும்போது, அதன் சிலிண்டரில் கிடப்பது வேறொருவர் வண்டியின் ஆயில். ஒருமுறை தூக்கி இறக்கினால் அது உங்கள் கியர் பாக்ஸுக்குள் வந்துவிடும், தண்ணீர் இருந்தால் அதுவும் சேர்ந்து. மாட்டுவதற்கு முன் ஹோஸ் முனையைத் துடையுங்கள். கழற்றிய பிறகு அன்றே டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் ஆயிலின் பெயரையும் மாற்றிய மணி நேரத்தையும் பெயிண்டில் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு யார் ஊற்றினாலும் அதையே ஊற்றுவார்கள்.