டோர்ட்மண்டில் ஒரு புடவைக் கடையும் அதன் கல்லாவும்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் குடியேறிய பின், சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவைகளையும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கைகளையும் இணையத்தில் விற்கத் தொடங்கினேன். கடை திறப்பது இங்கே பெரிய காரியமில்லை. கணவரின் வேலையைச் சார்ந்து எனக்குக் கிடைத்த வதிவிட அட்டையிலேயே தொழில் செய்யும் அனுமதி இருந்தது. நகராட்சியில் ஒரு படிவமும் சிறு கட்டணமும் கொடுத்துத் தொழிலைப் பதிந்து, வரி அலுவலகத்தின் எல்ஸ்டர் தளத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுதி, பொட்டலத் தாளுக்கும் அட்டைப்பெட்டிக்கும்கூட லூசிட் என்னும் பதிவேட்டில் பெயர் சேர்த்தால் பதிவு வேலை முடிந்தது. முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 25,000 யூரோவைத் தாண்டாத சிறுதொழில் என்பதால் பில்லில் விற்பனை வரி போட வேண்டியதில்லை. அதற்கு விலையும் உண்டு: இந்தியாவிலிருந்து சரக்கு வரும்போது சுங்கத்தில் கட்டும் 19 விழுக்காடு வரியை என்னைப் போன்றவர்கள் திரும்பக் கேட்க முடியாது, அது புடவையின் அடக்க விலையில்தான் ஏறுகிறது.

உண்மையான வேலை கல்லாவில் இருந்தது. ஊரில் வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் என் தோழிகள், ஜிபேயில் பணம் வந்து விழுந்த பிறகுதான் பார்சலைக் கட்டுவார்கள். இங்கோ பொருள் முதலில் வீட்டுக்கு வரும், அதனுடன் வரும் பில்லைப் பார்த்து இரண்டு வாரத்துக்குள் பணம் அனுப்புவோம் என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்கள் ஏராளம். பெரிய கடைகளுக்கு அது தாங்கும். பத்துப் புடவையை முதலாக வைத்திருப்பவருக்குத் தாங்காது. வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நாமே பணத்தை எடுத்துக்கொள்ளும் நேரடிப் பற்று முறையையும் யோசித்தேன். அதில் வாங்கியவர் எட்டு வாரம் வரை காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிந்ததும் அதைக் கைவிட்டேன். ஆகவே பேபால், அட்டை, வங்கிப் பரிமாற்றம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தேன். அட்டையில் கட்டுபவரிடமோ வங்கி வழியே அனுப்புபவரிடமோ அதற்கென்று கூடுதல் கட்டணம் வாங்குவதை 2018 முதல் சட்டம் தடுக்கிறது. எனவே அட்டை நிறுவனம் பிடிக்கும் தரகுத் தொகை முழுவதும் நம் கையிலிருந்துதான் போகும்.

செலவில்லாத வழி வங்கிப் பரிமாற்றம்தான், ஆனால் அதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2025 அக்டோபர் முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்புவதற்கு முன் ஐபான் என்னும் வங்கிக் கணக்கு எண்ணும் கணக்குதாரரின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் கணக்கு கடவுச்சீட்டில் உள்ளபடி, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரிந்ததோ கடையின் பெயரும், 'அக்கா' என்ற அழைப்பும் மட்டுமே. கடைப் பெயரைத் தட்டியதும் 'பெயர் பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கை வரும், உடனே, "அக்கா, இது உங்கட கணக்குத்தானோ?" என்று அருகிலுள்ள ஹம் நகரிலிருந்து தொலைபேசி வரும். இப்போது பில்லின் தலைப்பிலேயே கணக்குதாரர் பெயரை எழுத்துக்கு எழுத்து அச்சிடுகிறேன்.

பணம் வந்துவிட்டால் அது நம்முடையது என்றும் சொல்லிவிட முடியாது. இணையத்தில் வாங்கியவர், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே வேண்டாம் என்று சொல்லலாம். விலையுடன், முதலில் அவர் கட்டிய சாதாரண அஞ்சல் செலவையும் நாம் திருப்பித் தர வேண்டும். புடவை வந்து சேரும்வரை, அல்லது அனுப்பியதற்கான சான்றை அவர் காட்டும்வரை, பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்பது ஒரு நிம்மதி. திரும்பி வந்த ஒரு புடவையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்தபோது, தோளில் படியும் இடத்தில் ஊக்கு குத்திய இரண்டு துளைகளும் கொசுவ மடிப்பின் தடமும் தெரிந்தன. யாரோ ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வந்த புடவை அது! பிரித்துப் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்தியிருந்தால் மதிப்புக் குறைவைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பும் உரிமையைப் பற்றி வாங்கும்போதே முறையாக அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு என் கடையில் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், கழித்த தொகையை அவர் மறுக்கவில்லை.

வாடிக்கையாளரின் அளவுக்குத் தைத்த ரவிக்கைக்கு இந்த உரிமை பொருந்தாது. அதனால் புடவையையும் ரவிக்கையையும் ஒரே பொருளாகச் சேர்த்து விற்பதில்லை. தனித்தனிப் பொருள்களாகப் பில் போடுகிறேன். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழா நெருங்கும் வாரங்களில் தையல் ஆர்டர் குவியும். அப்போது அளவுத் தாளும் முழுப் பணமும் வந்த பிறகே துணியில் கத்தரி வைப்பேன். சுவிட்சர்லாந்திலிருந்தும் கேட்கிறார்கள். அங்கிருந்து யூரோவில் பணம் அனுப்புவது எளிதுதான், ஆனால் பார்சல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லையைத் தாண்ட வேண்டும் என்பதால் அந்த ஆர்டர்களை இன்னும் எடுக்கவில்லை.