மச்சானின் குடல் சுத்தம்

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாவது நாள். படகைப் பழுது பார்க்கும் இந்த 61 நாட்களில் உடம்பையும் பழுது பார்த்துவிடலாம் என்று தங்கச்சிமடத்து மச்சான் முடிவு செய்து, குடலைக் கழுவும் பொடி என்று ஒரு டப்பா வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் குடல் சுவரில் ஒட்டிக் காய்ந்த கழிவை அது உரித்துக்கொண்டு வருமாம். இன்று காலை வெளியேறியதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: ஒரு சாண் நீளம், கரும்பழுப்பு நிறம், கயிறு போன்ற முறுக்கு. அத்தையிடம் காட்டினேன். அவர் காலத்தில் விளக்கெண்ணெய் குடித்தவர்கள் யாருக்கும் இப்படி வந்ததில்லை என்றார்.

ஏப்ரல் 18

டப்பாவின் பின்புறத்தைப் படித்தேன். இசப்கோல் உமி, பென்டோனைட் களிமண், பேதியாக்கும் நிலாவாரை இலைத்தூள். நம் தென் மாவட்டங்களில் விளைந்து கப்பலேறும் அதே நிலாவாரைதான்.

ஒரு பொட்டலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்தேன். சில நிமிடங்களிலேயே கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியது. அதை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் திணித்து இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் உறையைக் கிழித்தபோது, மடிப்பு மடிப்பாக, இழுத்தால் சவ்வு போல நீளும் ஒரு கயிறு கிடைத்தது. நிறம் மட்டும் சாம்பல். குடலுக்குள் போயிருந்தால் மலத்தின் நிறமும் ஏறியிருக்கும். யார் குடலுக்குள்ளும் போகாத கழிவு என் சமையலறையில் உருவாகியிருந்தது.

ஏப்ரல் 20

நம் மரபும் இதைத்தானே சொல்கிறது என்கிறார் மச்சான். சித்தர் தேரையரின் நோயணுகா விதியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கச் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் சித்த மருத்துவம் பேதியால் வாதம் தாழும் என்று கணக்குச் சொல்கிறதே தவிர, குடலில் பல ஆண்டுப் பசை காய்ந்து கிடப்பதாகச் சொல்லவில்லை. அந்தக் கதை வேறு கரையிலிருந்து வந்தது. மலம் தங்கினால் அதன் நஞ்சு இரத்தத்தில் கலக்கும் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை மருத்துவர்களிடையே பரவியிருந்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1919-இல் இதை மறுத்து எழுதினார்: மலம் கழிந்த மறுகணமே தலைவலி நீங்குகிறதென்றால், இரத்தத்தில் ஏறிய நஞ்சு அவ்வளவு விரைவில் எங்கே போயிருக்கும்? விரிந்திருந்த மலக்குடல் தளர்ந்ததே காரணம் என்றார்.

குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்வது. உதிர்ந்துகொண்டே இருக்கும் சுவரில் எந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும்?

ஏப்ரல் 22

மச்சான் மயங்கி விழுந்துவிட்டார். ஐந்து நாள் பொடியும் அரைப்பட்டினியுமாக உச்சி வெயிலில் படகின் அடிப்பலகையைச் சுரண்டியிருக்கிறார். மருத்துவமனையில் பொட்டாசியம் குறைந்திருப்பதாகச் சொல்லிச் சொட்டு நீர் ஏற்றினார்கள்.

மருத்துவரிடம் ஒட்டிய கழிவைப் பற்றிக் கேட்டேன். கொலனாஸ்கோப்பிக் குழாயால் பார்க்கும்போது தெரிவது இளஞ்சிவப்பான, ஈரம் மினுங்கும் சுவர்தான் என்றார். நிலாவாரையை மாதக்கணக்கில் உண்பவர்களுக்கு மட்டும் அந்தச் சுவர் கறுத்துத் தெரியுமாம். நிறுத்தினால் நிறம் மெல்ல மறையும். சுத்தம் செய்யப் போன மருந்தே கறை வைக்கிறது என்பதைக் கேட்டு மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 25

இன்று கஞ்சியும் மோரும். மூன்று நாள் மலம் இறங்காவிட்டால் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று அத்தை கேட்டார். முதலில் தண்ணீரும் கீரையும் கொடுங்கள், பிறகு மருத்துவரைக் கேட்போம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மீதமிருந்த நான்கு பொட்டலங்களை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்றேன். கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கப் போகிறாராம். நான் கரைத்த பொட்டலத்தின் விலை என் கணக்கில் இருக்கிறதாம்.