முக்திநாத் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நேபாளி

நேபாளத்தில் ஹிந்தி போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹிந்தி தெரிந்தவர்களுக்குச் சரி. எனக்கு வராது. அதனால் சாளக்கிராமத் திவ்யதேசமான முக்திநாத்துக்குக் கிளம்புமுன் நேரே நேபாளியையே பிடித்துக்கொண்டேன். தமிழ்க்காரருக்கு அது அவ்வளவு கடினமில்லை.

'நூறு வாக்கியங்கள்' மாதிரியான பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். எதிராளி பதில் சொன்னதும் முழிக்க வேண்டியதுதான். வேற்றுமை உருபுகளைப் பிடியுங்கள். 'லாய்' என்றால் நம் 'கு', 'பாட்ட' என்றால் 'இலிருந்து', 'மா' என்றால் 'இல்'. வினை நம்மைப் போலவே கடைசியில். 'மலாய் பானி சாஹியோ', எனக்குத் தண்ணீர் வேண்டும். 'மலாய் போக் லாக்யோ', எனக்குப் பசிக்கிறது. 'போக்' இருந்த இடத்தில் 'திர்கா' போட்டால் தாகம், 'ஜாடோ' போட்டால் குளிர், 'வாக்வாகி' போட்டால் குமட்டல். முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் என்ற ஊர்ப் பக்கத்து ஜீப் பாதையில் இந்தக் கடைசி வார்த்தைக்கு நிறைய வேலை உண்டு! ஹிந்தியில் படுத்தும் ஆண்பால் பெண்பால் தொல்லையும் பேச்சு நேபாளியில் மிகக் குறைவு.

மரியாதைக்கு வினையோடு 'னுஸ்' சேர்த்தால் போதும், நம் 'ங்க' மாதிரி. தினுஸ் (கொடுங்க), ரோக்னுஸ் (நிறுத்துங்க). கடைக்காரர், டிரைவர் யாராக இருந்தாலும் முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு 'திதி', தம்பிக்கு 'பாய்', தங்கைக்கு 'பஹினி'. அண்ணனுக்கான சொல்லைத் (dai) தமிழில் எழுதினால் 'தாய்' ஆகிவிடும், விலை கேட்கும் சொல் (kati, எவ்வளவு) 'கத்தி' ஆகிவிடும். அதனால் கொஞ்சம் சிரமப்பட்டாவது நேபாளி எழுதப்படும் தேவநாகரி எழுத்தைப் படித்துவிடுங்கள். பஸ் நம்பர், கடைப் பலகை வாசிக்கவும் உதவும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ம மாசு கான்ன' (நான் இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்பதோடு நிறுத்தாமல், 'அண்டா பனி கான்ன' (முட்டையும்தான்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதில் 'பனி' என்றால் 'உம்', நெடிலாக 'பானி' என்றால் தண்ணீர். தால்பாத் (பருப்பும் சோறும்) பரிமாறுகிறவர்கள் சோற்றை மறுபடி மறுபடி கொண்டுவருவார்கள். கரண்டி தட்டுக்கு வருமுன்பே 'புக்யோ' (போதும்) சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் உயரம். வழியில் கீழே இருக்கும் பொக்காரா நகரம் சுமார் 800 மீட்டர், முக்திநாத் 3,700-க்கும் மேல். ஜீப்பிலோ விமானத்திலோ மளமளவென்று ஏறிவிடுவதால் உடம்பு பழக நேரம் கிடைப்பதில்லை. 'மேரோ டாவுகோ துக்யோ' என்றால் தலை வலிக்கிறது. 'லேக் லாக்யோ' என்றால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மலையில் யாருக்கும் புரியும். கோயில் வாசல் வரை வந்துவிட்டோமே என்று அடக்கிக்கொண்டு இருக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். தொந்தரவு அதிகமானால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

விலை கேட்பது சுலபம், பதிலைப் புரிந்துகொள்வதுதான் பாடு. 99 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் தனி உருவம், அதையெல்லாம் விட்டுவிடுங்கள். பத்து வரையிலும், அதற்குமேல் பீஸ் (20), பசாஸ் (50), சய் (100), ஹஜார் (1,000) தெரிந்தால் சமாளிக்கலாம். 'டேட் சய்' என்றால் 150, 'அடாய் சய்' என்றால் 250. இந்த இரண்டும் காதில் அடிக்கடி விழும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று 1993 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். நம்மைப் பார்த்ததும் சிலர் இந்தியக் கணக்கிலேயே விலை சொல்வதுண்டு. 'ஐ.சி. ஹோ கி என்.சி.?' (இந்திய ரூபாயா, நேபாள ரூபாயா?) என்று கேட்டுவிட்டுப் பர்ஸை எடுங்கள்.