425.31: ஒரு பழைய 3டி கண்ணாடியை மீட்ட அனுபவம்

போன பொங்கலுக்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பட்டாலை (கூடம்) ஓரத்து மர பீரோவில் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. 2010-இல் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த என்விடியா 3டி விஷன், கணினித் திரையில் 3டி பார்க்க வைக்கும் கருவி. தடித்த காதுத் தண்டுகளோடு ஒரு கறுப்புக் கண்ணாடி, உள்ளங்கையில் அடங்கும் பிரமிடு போன்ற யூஎஸ்பி எமிட்டர், இரண்டு மூன்று கேபிள்கள். அதோடு வாங்கிய சாம்சங் 2233ஆர்இசட் மானிட்டர் மாடியில் துணி போர்த்தி இருந்தது. 22 அங்குலம், 1680-க்கு 1050, 120 ஹெர்ட்ஸ். அந்த நாளில் வீட்டில் கேம் ஆடும் எவருக்கும் கனவு மானிட்டர் அது.

அப்பத்தாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் சிறுவயதில் பார்த்த ஒரு மரப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். அவருடைய அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருந்தபோது வாங்கி வந்ததாம். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வில்லை, எதிரே ஓர் அட்டையில் ஒரே மாதிரி இரண்டு படம். 'கண்ணை வச்சா பகோடா அப்படியே முன்னாடி நிக்கும்' என்றார். ஸ்டீரியோஸ்கோப்! 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் விளக்கிய அதே சங்கதி: இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு படத்தைக் காட்டினால் மூளை அதை ஆழமாகப் படித்துக்கொள்கிறது. இந்தக் கண்ணாடியும் அதைத்தான் செய்கிறது. வில்லைக்குப் பதிலாக இரண்டு கதவு, மாறி மாறித் திறந்து மூடும். மானிட்டர் விநாடிக்கு 120 படம் காட்டினால் இடது கண்ணுக்கு 60, வலது கண்ணுக்கு 60. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதை எமிட்டர் அகச்சிவப்புக் கதிரில் சொல்கிறது.

இதை மறுபடி ஓடவைத்து அப்பத்தாவுக்குக் காட்ட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தது, லீவு முழுக்க இழுத்தது.

முதலில் அண்ணன் மகனுடைய கணினியில் முயன்றோம். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்ட நல்ல கணினி. எமிட்டரைச் செருகினால் கணினிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஸ்டீரியோஸ்கோபிக் 3டி' என்ற பக்கமே காணவில்லை. 'கண்ணாடி போயிருச்சு சித்தப்பா' என்றான் பையன். கண்ணாடி போகவில்லை. போனது டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில், இருந்த ஆதரவு. 2019 மார்ச்சில் என்விடியா அறிவித்தது: 418 வரிசைதான் 3டி விஷனுக்கான கடைசி டிரைவர் வரிசை. அதில் கடைசியாக ஏப்ரலில் வந்தது 425.31. அதற்கடுத்து வந்த டிரைவர்களில் அந்தப் பகுதி இல்லை. 3060 வந்ததோ 2021-இல். அந்தக் கார்டுக்குப் பழைய டிரைவர் கிடையாது, பழைய கண்ணாடிக்குப் புதிய டிரைவர் கிடையாது. அந்தக் கணினியில் இரண்டும் சேர வழியே இல்லை.

இதே முயற்சியில் இருப்பவர்கள் வேறு எதைத் தேடுவதற்கு முன்பும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கார்டை 425.31 ஏற்கிறதா? ஜிடிஎக்ஸ் 10 வரிசை என்றால் கவலை இல்லை. ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் அந்தத் தேதிக்கு முன் வந்தவையும் ஓடும். 30 வரிசையோ அதற்கு மேலோ என்றால் அந்தக் கணினியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

என்னுடைய பழைய ஜிடிஎக்ஸ் 1060 சென்னையில் சும்மா கிடந்தது. அடுத்த வாரம் எடுத்து வந்தேன். அதில் இன்னொரு வசதி, மானிட்டர் கேபிளைச் செருகும் பழைய வகை டிவிஐ போர்ட் இருக்கிறது. இந்த மானிட்டருக்கு 120 ஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டுமானால் டிவிஐ வழியாகத்தான் போக வேண்டும்.

டிரைவர் போட்ட வரிசையைச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் 10 ஏற்றினேன். இணையத்தைத் துண்டித்தேன். பழைய டிரைவரின் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் சேஃப் மோடில் போய் டிடியூ என்ற நீக்கும் கருவியை ஓட்டினேன். அப்புறம் 425.31. நிறுவும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, 3டி விஷன் டிரைவர், 3டி விஷன் கண்ட்ரோலர் டிரைவர் இரண்டிலும் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டாவதுதான் எமிட்டருக்கு உயிர். மறுதுவக்கம் செய்ததும் எமிட்டரின் முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பையன் கைதட்டினான்.

மறுநாள் காலை அந்தப் பச்சை இல்லை. இரவில் வேறு எதற்கோ இணையத்தை இணைத்திருந்தேன். கணினி தானாகவே புதிய டிரைவரை இறக்கிப் போட்டுவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இந்த முறை சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் பக்கத்துக்குப் போய், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் 'நோ' கொடுத்த பிறகுதான் டிரைவரைத் தொட்டேன். அந்த எஸ்எஸ்டிக்கு இனி இணையமே வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டேன். 2019-க்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அந்த டிரைவரில் இல்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியில்லை. கேம், படம், அவ்வளவுதான்.

அடுத்தது கேபிள். பெட்டியில் இருந்த டிவிஐ கேபிள் எலி கடித்து வீணாகியிருந்தது. காரைக்குடியில் ஒரு கடையில் புதிது வாங்கினேன், 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று கொடுத்தார்கள். செருகினால் படம் வருகிறது, ஆனால் பட்டியலில் 60 ஹெர்ட்ஸ் மட்டும். ஒரு சாயங்காலம் முழுக்க டிரைவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபிளின் முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்பது பின், இடப்பக்கம் ஒன்பது பின், நடுவில் வெற்றிடம். அதுதான் விஷயம். சிங்கிள் லிங்க் கேபிளில் 18 பின்தான், டூயல் லிங்கில் நடுவில் ஆறும் சேர்ந்து 24. சிங்கிள் லிங்க் 165 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரத்துக்கு மேல், அதாவது விநாடிக்கு 16.5 கோடி புள்ளிக்கு மேல், போகாது. 120 ஹெர்ட்ஸுக்கு அது போதாது. எலி கடித்த கேபிளின் முனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதில் 24 பின்னும் வரிசையாக இருந்தன. டூயல் லிங்க் கேபிள் மதுரையிலிருந்து வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. செருகியதும் பட்டியலில் 100, 110, 120 வந்து நின்றன.

கண்ணாடியின் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை. இத்தனை வருடம் பெட்டியில் கிடந்தால் எந்த லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் காதுத் தண்டைத் திறந்து, அதே அளவில் வேறொன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். அவருடைய கை நிதானத்தை இன்னொரு முறை பார்க்க ஆசை.

எல்லாம் சேர்ந்து, சோதனைப் படமும் சரியாக வந்தது. ஆனால் பட்டாலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்ததும் கண் வலித்தது. திரை துடிக்கவில்லை, திரையைச் சுற்றியிருந்த அறை முழுக்கத் துடித்தது. சுவரும் தூணும் படபடவென்று மின்னின. டியூப் லைட்! அந்தக் காலத்து இரும்புச் சோக் போட்ட டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. கண்ணாடியின் ஒவ்வொரு கதவும் திறப்பது 60 முறை. நூறும் அறுபதும் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதுதான் நமக்குத் துடிப்பாகத் தெரிகிறது. விளக்கை அணைத்தால் தீரும். ஆனால் இருட்டில் அப்பத்தாவை எப்படி நடத்திக் கூட்டி வருவது? மானிட்டரை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, 3டி அமைப்பை மறுபடி ஓட்டினேன். இப்போது ஒரு கண்ணுக்கு 50. விளக்கின் இரண்டு துடிப்புக்கு ஒரு திறப்பு. அறை அடங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் வெளிச்சம் மிக மெதுவாக ஏறி இறங்குவது தெரியும், அவ்வளவே. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இருப்பவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இந்தச் சிக்கலே வருவதில்லை. நம் ஊரில் இதைச் செய்யாமல் 'கண் வலிக்குது' என்று ஓரங்கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. எலக்ட்ரானிக் சோக் விளக்கு என்றால் இந்தத் தொந்தரவு இல்லை.

பையனுக்காக முதலில் ட்ரைன் 2 போட்டோம். 3டிக்கென்றே கவனித்துச் செய்த கேம். இலைகள் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் பாறை, அதற்கும் பின்னால் மூடுபனி என்று அடுக்கடுக்காகப் போகிறது. 3060-இல் ஓட்டும் பையன், இந்தப் பழைய கார்டின் முன்னால் இரண்டு மணி நேரம் நகரவில்லை. வேறு சில கேம்களில் நிழல் மட்டும் தரையை விட்டு விலகி மிதந்தது. 'ஏன் சித்தப்பா நிழல் மட்டும் தனியாப் போகுது?' என்று கேட்டான்.

வீட்டை வைத்துத்தான் விளக்கினேன். எங்கள் வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், முகப்பில் நின்றால் பட்டாலை, வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின் தெருக் கதவு வரை ஒரே நேர்க்கோடு. நிலைக்குள் நிலையாகக் கதவுகள். தலையைச் சற்றே இடது வலதாக ஆட்டினால் கிட்டத்து நிலை அதிகம் நகரும், தூரத்து நிலை கொஞ்சம்தான். 3டி விஷன் டிரைவர் ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை வரைய வைத்து, அதன் தூரத்துக்கேற்பப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இந்தக் கதவுகளில் எது திரையின் தளத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது கன்வர்ஜென்ஸ், கண்ட்ரோல் விசையோடு எஃப்5, எஃப்6. அதற்கு முன்னால் இருப்பது வெளியே வரும், பின்னால் இருப்பது உள்ளே போகும். மொத்தமாக எவ்வளவு ஆழம் என்பது எஃப்3, எஃப்4, அல்லது எமிட்டரின் பின்னால் உள்ள சக்கரம். நிழலையும் பிரதிபலிப்பையும் பல கேம்கள் இப்படிப் பொருளாக வரைவதில்லை, முடிந்த படத்தின் மேல் கணக்குப் போட்டுப் பூசுகின்றன. அந்தக் கணக்குக்கு இரண்டாவது கண் இருப்பது தெரியாது. அதனால்தான் விலகல். இதைத் திருத்தவென்றே 3டிமைகோட்டோ என்ற திறமூலக் கருவியைச் சிலர் எழுதி, கேம் கேமாக ஷேடர்களை, அதாவது ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும் சிறு நிரல்களை, திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் செய்த வேலை. அது இல்லாவிட்டால் இந்தக் கண்ணாடிக்கு இன்று பாதி மதிப்புகூட இருக்காது.

பையன் தன் புதிய கார்டுக்கு ஜியோ-11 என்பதைத் தேடி எடுத்துவிட்டான். பழைய டிரைவர் இல்லாமலே டைரக்ட்எக்ஸ் 11 கேம்களை இரண்டு கண்ணுக்கும் பிரித்து, பக்கம் பக்கமாகக் கொடுத்துவிடும். 3டி டிவி வைத்திருப்பவர்களுக்கு அது போதும்.

அப்பத்தாவுக்குக் கேம் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. டிரைவரோடு ஒரு படம் பார்க்கும் செயலியும் வருகிறது, இரண்டு கண்ணுக்கான படத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டிய ஜேபிஎஸ் கோப்புகளைத் திறக்கும். வீட்டையே எடுக்கலாம் என்று தோன்றியது. முழங்கால் வலியால் அவர் இரண்டாம் கட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வளவுக்கு இறங்கும் நிலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் அளவுகோலை ஒட்டி, செல்போனை அதில் வைத்து ஒரு படம், ஆறரை சென்டிமீட்டர் நகர்த்தி இன்னொரு படம். கிட்டத்துத் தூண் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தது. முப்பதில் ஒரு பங்கு நகர்த்த வேண்டும் என்பது இதில் வழக்கமான கணக்கு.

முதல் தடவை இரண்டையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். அடுப்படிக் கதவு தூணுக்கு முன்னால் வந்து நின்றது! ஜேபிஎஸ்ஸில் வலது கண்ணின் படம் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி ஒட்டியதும் ஆத்தங்குடித் தளம் காலடியிலிருந்து கிளம்பி உள்ளே நீண்டு போனது. ஒவ்வொரு பர்மா தேக்குத் தூணுக்கும் உருண்டை வந்தது.

அப்பத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே இதை மாட்டிவிட்டேன். தலையைச் சாய்க்காமல் நேராகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன், சாய்த்தால் படம் இருண்டுவிடும். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் விரலை நீட்டாமல், பார்வையை எடுக்காமல் கேட்டார்.

'அந்த அண்டாவை யாரப்பா தூணை விட்டுத் தள்ளி நடையில வச்சது? ராத்திரி யாராச்சும் இடிச்சுக்கிறப் போறாக.'

நான் அதே படத்தை செல்போனில் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். அதில் அண்டா தூணோடு ஒட்டித்தான் இருந்தது. எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தூணுக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.