*மொர்யெ: ஸ்லாவியரின் கடல்

பாம்பன்காரர்களுக்குக் கடல் இரண்டு, வடகடலும் தென்கடலும். ஸ்லாவிய மொழிகளுக்கோ கடலுக்கு ஒரே சொல்தான், உருவம்தான் பல. ரஷ்யனிலும் செர்பியனிலும் 'மோரெ', ஸ்லோவீனில் 'மோர்யெ'. போலிஷிலும் செக்கிலும் நடுவிலுள்ள ரகரமே உரசொலியாகத் திரிந்துவிட்டது.

இவற்றின் தாய்வடிவம் *மொர்யெ. முன்னுள்ள உடுக்குறிக்கு, எந்த ஏட்டிலும் கிடைக்காத, மீட்டுருவாக்கிய சொல் என்று பொருள். ஸ்லாவிய எழுத்தே 9ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது.

நடுவில் யகரம் இருந்தது எப்படித் தெரியும்? போலிஷ், செக் திரிபை மட்டும் நம்பினால் தவறிவிடும். அவ்விரண்டிலும் அடுத்து எகரம் போன்ற முன்னுயிர் (நாவின் முன்பகுதியில் பிறக்கும் உயிர்) வந்தாலே ரகரம் திரியும். ஆற்றைக் குறிக்கும் சொல்லிலும் அப்படித்தான். ஸ்லோவீனே நல்ல சாட்சி. அங்கே ஆறு 'ரேகா', வெறும் ரகரம். கடலில் மட்டும் 'ர்ய்' நிற்கிறது. ஈறும் அதையே சொல்கிறது. 'ஒக்னோ' (சன்னல்) போன்ற நடுப்பால் பெயர்கள் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதவை) ஒகரத்தில் முடியும். யகரத்தை அடுத்த ஒகரம் மட்டும் எகரமாகும். வயலைக் குறிக்கும் *பொல்யெ அதே அச்சு.

இன்னும் பின்னே போனால் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் *மொரி. ஐரிஷ் 'முய்ர்', பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 'மரீ', லித்துவேனிய 'மாரியோஸ்' எல்லாம் அதன் வழி. கோதிக்கிலும் லித்துவேனியத்திலும் ஒகரம் அகரமாவது விதி. லத்தீன் 'மரே'யில் உள்ள அகரத்துக்கு அப்படி விதி இல்லை. அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பொருளும் கவனிக்கத்தக்கது. லித்துவேனியச் சொல் காயலையும் குறிக்கும், டச்சு 'மேர்' ஏரி. தேங்கிய நீர் என்பதே பழம்பொருளாக இருக்கலாம்.

கரைப்பெயர்கள்தாம் இதில் மிக அழகு. 'பொ' என்றால் ஒட்டி. கடலை ஒட்டிய நிலம் போலிஷில் 'பொமோஷெ', அதுவே பால்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விளாடிவஸ்தோக் இருக்கும் பகுதி 'ப்ரிமோர்யெ', கடலருகு. 'லுகா' என்றால் வளைவு, தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக மண்டபம்வரை உள்வளைந்து கிடக்கும் கரையை ரஷ்யர் பார்த்தால் 'லுகமோர்யெ' என்பார்கள்.

நம் 'மாரி'யை இதோடு சேர்க்க வேண்டாம். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. பல அடிப்படைச் சொற்களில் அதே ஒலிமாற்றம் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும். ஸ்லாவியத்துக்குள்ளேயே கொள்ளைநோயைக் குறிக்கும் *மொர் வேறு வேர், சாதல் என்னும் பொருளது. சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த 'மரணம்' அந்த வேரின் உறவு.